இருநூறு சொல்லுக்குள்

யோகவதனி கேட்டது இருநூறு சொல்.
படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு.
வெள்ளி காலைக்குள் தா, லமினேட் பண்ணவேணும் என்றாள்.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன்.
காணி உறுதி, சத்தியக்கடதாசி, பிறப்பு, இறப்பு.
மூலத்தில் பிழை கிடந்தால்
பிழையையும் மொழிபெயர்த்து
'மூலத்தில் உள்ளவாறு' என்று அடைப்புக்குள் போடுகிறவன்.
என்னிடமா வந்தாய் என்றேன்.
அதனால்தான் என்றாள்.

உள்ளவாறு:
ஆறடிக்கு நாலடி. கன்வஸில் எண்ணெய் வர்ணம்.
வானம், கழற்றி எறிந்த பிளாஸ்டரின் நிறம்.
அதிலிருந்து கயிறில்லாமல் தொங்குகிறது ஒரு மீன்தராசு.
இடத்தட்டில் கல்லடிப் பழைய பாலம்
சாவாளையைப்போல மூன்று சுற்றாய்ச் சுருண்டு.
இரும்புச் சட்டங்களுக்கிடையில் செவுள் திறந்து மூடுகிறது
('மூடுகிறது' என்பதை வெட்டினேன். படம் அசையாது.)
வலத்தட்டில் ஒன்றுமில்லை.
தாழ்ந்திருப்பது வலத்தட்டு.

ஐம்பது சொல் வராது.
மிச்சத்துக்கு எங்கே போவேன்?

லைட் பூட்ட வந்த ஹிதாயத்துல்லா
ஏணியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னான்:
களவுத் தராசு அண்ணன்.
தட்டுக்கடியில ஈயம் ஒட்டியிருப்பானுகள்.
எங்கட மாமாவும் ஒருக்கா பிடிபட்டவர்.
வெட்கமில்லாமல் குனிந்து
படத்தைக் கீழிருந்து பார்த்தேன்.
சட்டத்தின் அடியில் ஓர் ஆணி. அவ்வளவுதான்.

விரிவுரையாளர் ஒருவர் மழைக்கு ஒதுங்கினார்.
ஆழ்மனம், ஆழ்மனம் என்றார், மழை விட்டதும்
குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.
அது படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றது.
கதிரை இறக்க வந்த பொடியன்கள்
அதையும் சேர்த்தே உற்றுப் பார்த்தார்கள்.
ஒருவன் குடைதான் நல்லாக் கிடக்கு என்றான்.

கடைசியில் அவளையே கேட்டேன்.
பிளேன்ரீயை ஊதிக்கொண்டு சொன்னாள்:
முதல்ல அதில ஒரு பப்பாப்பழம் கீறினனான்.
பிழைச்சுப்போச்சு. சுரண்டிட்டு வெள்ளை பூசினன்.
தட்டை உயர்த்தக் கை வரல்ல.

பப்பாப்பழம்.

இதை நான் எப்படி எழுதுவேன்?
ஆறு வருசமாய் இன்மைச் சான்றிதழ்களுக்கு
இங்கிலிஷ் போட்டவன்.
பெயர். தகப்பன் பெயர். கடைசியாகக் கண்ட இடம்.
கரடியனாற்றிலிருந்து வந்த ஒருத்தி
அந்த ஒற்றைத் தாளை இரண்டு கையாலும் வாங்கினாள்.
வாங்கியதும் கைகள் கொஞ்சம் கீழே போயின.
மரியாதைக்கா, பாரத்துக்கா,
மூலத்தில் தெளிவில்லை.

வியாழன் இரவு.
காவல்காரர் பாண் வாங்கப் போயிருந்தார்.
வாவிப்பக்க யன்னல் பூட்டாமல் அடித்துக்கொண்டிருந்தது.
தட்டில் என்ன இருக்கிறது என்று
பெருவிரலை வைத்தேன்.
மார்கழி ஈரத்தில் வெள்ளை காயவில்லை.
பழம் இருந்த இடத்தில் என் ரேகை.

யோகவதனி வந்து பார்த்தாள்.
கிட்ட நின்று, மறுகா தூர நின்று.
வர்ணக்கத்தியை எடுத்தாள்.
எடுத்த கத்தியைத் துணியால் துடைத்து
திரும்பவும் ரின்னுக்குள் போட்டாள்.
கையைத் தேங்காயெண்ணெயில் கழுவு என்றாள்.
கழுவவில்லை.

வெள்ளி ஏழரைக்கு
அந்த ஐம்பது சொல்லுக்குக் குறைந்ததையே கொடுத்தேன்.
'வலத்தட்டில் ஒன்றுமில்லை' என்பதைத் திருத்தவில்லை.
பக்கத்தில், அடைப்புக்குள்: மூலத்தில் உள்ளவாறு.

ஒன்பதுக்குக் கோட்டில்
அம்பிலாந்துறைக் காணி உறுதி ஒன்று.
வடக்கெல்லை வாவி, கிழக்கெல்லை ஒழுங்கை.
பிரதிக்கு முத்திரை குத்தத் தாளை அமர்த்திப் பிடித்தேன்.
விஸ்தீரணம் என்ற சொல்லுக்கு எதிரே
ஏக்கர் கணக்கின்மேல் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

சட்டத்தரணி அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
இதென்ன என்றார்.