சாட்சி என்ற கட்டம்

பிராண்டனில் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
ஹோட்டல் வாசலில் எங்கள் வண்டிகள்
எஞ்சின் உறையாமலிருக்க
மின்கம்பியில் கட்டிய மாடுகளாக நிற்கின்றன.
உள்ளே பதினான்கு முதலாளிகள்,
ஒரு காபிப் பாத்திரம்,
'புகார் வந்தால் என்ன செய்வது' என்று
பின் அடித்த இருபது பக்கங்கள்.

விரும்பி வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றாள்
கொலெட் டெஜார்லே.
யாரும் தூக்கவில்லை.
நல்லது, உண்மையிலிருந்து தொடங்குகிறோம் என்றாள்.

முதல் மணி நேரம் கணக்குப் பாடம் போலப் போனது.
புகாரை வாங்கு. தேதி போடு.
சொன்ன சொல்லைச் சொன்னபடி எழுது,
உன் அபிப்பிராயத்தை வீட்டுக்குக் கொண்டு போ.
சொன்னவளை வேறு ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டுக்
கை கழுவாதே,
அதற்குப் பெயர் பழிவாங்கல்.
டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர் கேட்டார்:
பொய்ப் புகார் வந்தால்?
வரட்டும். அதற்கும் இதே தேதி, இதே பேனா.

பிறகு பலகையில்
நாங்கள் சொல்லக்கூடாதவற்றை எழுதினாள்.
அவன் அப்படிப்பட்டவன் இல்லை.
வேடிக்கைக்குச் சொன்னது.
அப்போதே ஏன் சொல்லவில்லை.
இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்.
கடைசி வாக்கியம் என் சலவைக்கூடத்துச் சுவரில்
சட்டம் போட்டுத் தொங்குகிறது.
நானே ஆணியடித்தது.

மதியம், தக்காளி சூப்புக்குப் பிறகு, நடிப்புப் பயிற்சி.
எனக்கு வந்த சீட்டில்: நீங்கள் ஊழியர்.
முதியோர் இல்லம் நடத்தும் குட்ரூன் என் மேலாளர்.
சீட்டில் ஒரு கதை அச்சாகியிருந்தது.
வாயில் வேறு கதை வந்தது.

என் மேற்பார்வையாளர்
ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிடும்போதெல்லாம்
என் நாக்கை வைத்துப் பேசிக் காட்டுகிறார்.
ப எனக்கு ஃப ஆகும், ஃப ப ஆகும்.
தினம் நாலு தடவை.
சலவை இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்.
ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்துக்கொண்டே
எல்லோரும் சிரிப்பார்கள்.

குட்ரூன் பேனாவை எடுத்தாள்.
எப்போதிருந்து?
அக்டோபர்.
யாரிடமாவது சொன்னீர்களா?
முதலாளியிடம். டிசம்பரில், எழுதிக் கொடுத்தேன்.
அவர் என்ன செய்தார்?

காபிப் பாத்திரம் ஒருமுறை பொருமி அடங்கியது.
மரிசெல் அபுகாயின் கடிதம்
வாசலில், என் வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில்,
டயர் ரசீதுகளுக்கு அடியில் இருக்கிறது.
நாலாக மடித்தது.
போர்வை மடிக்கிறவளின் மடிப்பு, ஓரத்தோடு ஓரம்.
கிணற்றில் போட்ட கல் என்று நினைத்திருப்பாள்.
கல்லாவது அடியைத் தொட்டிருக்கும்.

பார்க்கலாம் என்றார், என்றேன்.
குட்ரூன் சொன்னபடியே எழுதினாள்.
மேற்கோள் குறிகளுக்கு நடுவே அந்தச் சொல்
எவ்வளவு இளைத்திருந்தது.

சாட்சி யாராவது?
அந்தக் கட்டத்தில் மூன்று கோடுகள்.
அக்டோபரில், முதல் தடவை,
கதவருகே கையில் டோனட்டோடு நின்ற ஒருவன்
எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.
அவன் சிரித்ததால்தான் குர்ட்
இரண்டாம் தடவை செய்தான்.
மூன்றாவதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

பெயரைச் சொன்னேன்.
எழுத்துக் கூட்டச் சொன்னாள்.
பாதியில் நிமிர்ந்து
என் சட்டையில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மீதி எழுத்துகளையும் எழுதி முடித்தாள்.

மாலை ஐந்தரை.
பிளக்கைப் பிடுங்கிக் கம்பியைச் சுருட்டினேன்.
கையுறையோடு கடிதம் பிரிய மறுத்தது.
கையுறையைக் கழற்றினேன்.
மேல் மூலையில் கொஞ்சம் இடம்.
இன்றைய தேதியைப் போட்டால் யாருக்குத் தெரியும்?
அவளுக்கு.

பெற்றுக்கொண்ட நாள்: டிசம்பர் ஒன்பது.
'டி' போட்டதோடு மை உறைந்துவிட்டது.
பேனா முனையை வாயருகே வைத்து
ஊதிக்கொண்டிருந்தேன்.