ஐம்பதாம் அவென்யூ

லாய்ட்மின்ஸ்டரில் சாலைக்கு மேற்கே ஆல்பர்ட்டா,
கிழக்கே சஸ்காச்சுவான்.
பனி அள்ளும் வண்டி ஒன்றுதான்.

மேற்கில் கூலியை உயர்த்தினார்கள், கிழக்கில் இல்லை.
காக்கை உட்கார்ந்ததாலா, காம்பு பழுத்ததாலா
என்று பிரித்துச் சொல்லச் சம்பளம் வாங்குபவளுக்கு
இதைவிடத் தோதான ஊர் எங்கே?
பதினோரு குளிர்காலம் வந்து போனேன்.
கிழக்கிலிருந்து மேற்கைக் கழித்தேன்.
வேலையிழப்பு நூற்றுக்கு நான்கு.
அந்த நான்கில் பேராசிரியை ஆனேன்,
வீட்டுக் கடனும் கிடைத்தது.

நேற்று, கிழக்குப் பக்க டோனட் கடையில்
டார்லா காப்பியை வைத்தபடி சொன்னாள்:
"கூலி ஏறின மாசமே எதிர்க்கடையில என்னை நிறுத்திட்டாங்க.
ரோட்டைத் தாண்டி இங்க வந்துட்டேன்."

அங்கே ஒன்று குறைய, இங்கே ஒன்று கூட,
ஒரே டார்லாவை இரண்டு தடவை
எண்ணியிருக்கிறேன்.
என் சமன்பாட்டில் யாருக்கும் கால் இல்லை.

"உன்னைப் போல எத்தனை பேர்?"
விரல் மடக்கினாள்: தான், பெவர்லி,
பேர் மறந்துபோன ஒரு ஃபிலிப்பினோப் பையன்.
"இன்னும் இருப்பாங்க."

கை துடைக்கும் காகிதத்தில் குறித்தேன்.
ஈரம் பட்டு மை பரவியது.
மூன்றா, எட்டா,
அறைக்கு வந்து பார்த்தால்
தெரியவில்லை.