முந்நூற்றொன்று

வெள்ளிக்கிழமை மாலை கையேட்டைப் பிரிக்கத் தொடங்கினேன்.
ஒரே கயிறாய்ச் சுருண்டுகிடந்த அறுநூறு பக்கம்
திங்களுக்குள்
நிறுவுதல், இயக்குதல், பழுது என
மூன்று அறைகளில் அடுங்கிவிட்டது.
எபேனில் ஆறாவது மாடி. கண்ணாடிக்கு அப்பால்
நனைந்துகொண்டே மெட்ரோ க்யூர்பிப் பக்கம் ஏறியது.
எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

பிறகு யோவன் இணைப்புகளைச் சரிபார்க்கும் நிரலை ஓட்டினான்.
நானூற்று நான்கு.
நானூற்று நான்கு.
நானூற்று நான்கு.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை
இல்லை, இல்லை என்றது
எல்லாம் இருக்கிற வீடு.

"எதையும் நான் அழிக்கவில்லையே."
"அழிக்கவில்லை. ஆனால் போய்ச்சேர வழியில்லை.
போகிறவனுக்கு ரெண்டும் ஒன்றுதான்" என்று
காகிதத்தைப் பிரித்து தால் பூரியைச் சுருட்டினான்.

ஒவ்வொன்றாகத் தைத்தோம்.
ஒரு சாய்கோடு கூடிப்போய் அறுந்தவை,
பெரிய எழுத்து சின்ன எழுத்தானதில் அறுந்தவை.
ஒரு பக்கம் அடுத்ததைக் கேள் என்றது,
அடுத்தது முந்தையதையே கேள் என்றது.
(அப்பாவின் பென்ஷனுக்கு நான் அலைந்தது இப்படித்தான்.)
பொல்லாதவை வேறு:
பக்கம் திறக்கும், கேட்ட பத்தி வராது,
கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு
விளக்குப் போடாமல் நகர்ந்துவிடுகிறவர்கள் மாதிரி.
நிரல் அவற்றையும் பச்சையில் சேர்த்துக்கொண்டது.

புதன்கிழமை பூஜ்யம். கேக் வெட்டினோம்.

வியாழன் காலை ரொட்ரீக்ஸிலிருந்து தொலைபேசி.
லா ஃபெர்ம் மருந்தகம், மரி-லூர்த் பேசுகிறாள்.
இரவு தடுப்பூசிப் பெட்டி மூன்று தடவை கத்தியதாம்.
பெட்டியின் விலாவில் ஒட்டிய தாளில்
பேனாவால் எழுதிய ஒரு முகவரி.
ஐந்து வருஷமாய், கத்தினால்
அதைப் பார்த்துத்தான் தட்டுவாளாம்.
நேற்று வந்தது வெள்ளைப் பக்கம்.
நடுவில் ஒரு நீல மீன், வாயில் குமிழி,
குமிழிக்குள் 'மன்னிக்கவும்'.

அந்த மீனை வரைந்ததும் நான்தான்.

"ஊசிகள்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.
"பிழைத்தன. ஐஸுக்கு மீன்காரனை எழுப்பினேன்.
உன் மீன் ஒன்றுக்கும் உதவவில்லை."

நிரல் நடந்தது எங்கள் பக்கங்களுக்கு உள்ளே மட்டும்.
பெட்டியில் ஒட்டியது, கணக்குநோட்டின் ஓரத்தில் கிறுக்கியது,
விரல்களுக்கு மட்டும் மனப்பாடமானது
எதுவும் அதன் கணக்கில் வராது.
நடுவில் அறுநூறு கிலோமீட்டர் கடல்,
அந்தப் பக்கம் கோந்து இறுகிய ஒரு தாள்.
அதை நான் திருத்த முடியாது.

ரோஸ் ஹில்லில் யோவனின் தால் பூரிக்காரர்
தண்டவாளம் வந்தபோது வண்டியை நகர்த்தினார்.
பழைய சுவரில் ஓர் அம்பு போட்டுவைத்தார்.
மழையில் கரைந்தால் மறுபடி போடுகிறார், சுண்ணாம்பில்.
அதன் முன்னால் நின்று எத்தனையோ தடவை
குடை விரித்திருக்கிறேன்.

ஒரே வரி எழுதினேன்.
பழைய முகவரி, ஓர் இடைவெளி, புதிய முகவரி,
முந்நூற்றொன்று:
நிரந்தரமாய் இடம் பெயர்ந்தது.
"எத்தனை நாளைக்கு இது?" என்றான் யோவன்.
கோப்புகளைச் சுத்தமாக வைக்கிறவன், கேட்கத்தான் செய்வான்.
வரிக்கு மேலே குறிப்பு வைத்தேன்:
நீக்காதே. லா ஃபெர்ம். தாள்.
அடுத்து வருகிறவனுக்கு இது புரியாமல் போகலாம்.
புரியாவிட்டால் பயந்தாவது விட்டுவைக்கட்டும்.

மீனையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது
ஒரு தேடல் பெட்டி, ஒரு தொலைபேசி எண்.

பதினோரு நாள் கழித்துப் பதிவேட்டில்
இரவு மூன்று பன்னிரண்டுக்கு ஒரு வருகை.
பழைய முகவரி.
முந்நூற்றொன்று.
அடுத்த வரியில் இருநூறு.
நான்கு நிமிஷம் அந்தப் பக்கத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள்.

காலையில் தொலைபேசி அடிக்கவில்லை.