மீன் வரத்து: நன்று

காலை ஐந்து நாற்பது.
நாகொண்டனூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தும்போதே
சிரிப்புச் சத்தம் கேட்டது.
மூன்று வருஷமாகச் செவ்வாய்தோறும் வருகிறேன்,
இங்கே யாரும் சிரித்துக் கேட்டதில்லை.

திம்மராயன் பரிசலைத் தண்ணீரில் தள்ளினான்.
"இன்னிக்கு வலையே வேணாம் மேடம்,
கூடையில மொண்டுக்கலாம்."

மொண்டுகொண்டுதான் இருந்தார்கள்.
ஜிலேபி, கட்லா, கையகல மிர்கால்,
போன ஆடியில் துறையே வண்டியில் கொண்டுவந்து விட்ட ரோகு.
எல்லாம் வாயை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு
யாரோ அவிழ்த்துப் போட்ட சட்டையின்
பொத்தான் துளைகள் போல
ஆயிரம் துளைகள்,
திறந்து, மூடி, திறந்து.

வடக்கே நாலு நாள் மழை.
எந்தெந்தத் தெருவை, எந்தெந்தத் தொட்டியைக் கழுவியதோ,
கால்வாய்க்குத் தெரியும்.
மடையோரம் நுரை முழங்கால் உயரம்.
பேப்பர்காரர்கள் வர அது போதாது,
இடுப்பளவு வேண்டும்.
மூன்று நாளாய் வெயிலும் இல்லை.
தண்ணீர், கதவுக்கு அடிக்கும் பச்சை.

கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினேன்.
ஒரு சாணில் காணாமல் போனது.

பிறகு குப்பி.
குமிழ் ஒன்றுகூட நுழையாமல் நிரப்ப வேண்டும்,
சாய்த்து, மெதுவாக,
கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது மாதிரி.
முதல் மருந்து ஒரு சொட்டான்.
இரண்டாவது ஒரு சொட்டான்.
மூடி, கவிழ்த்து, நிமிர்த்தினால்
பழுப்பாய்த் திரளும், தண்ணீரில் மூச்சு இருந்தால்.

வெள்ளையாய்த் திரண்டது.

இன்னொரு குப்பி எடுத்தேன்.
கை நடுங்கியதால் தப்பாகியிருக்கும் என்று
மூன்றாவதும் எடுத்தேன்.
வெள்ளை. சுண்ணாம்பு கலக்கிய மாதிரி,
அவ்வளவு சுத்தமான வெள்ளை.

திம்மராயன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
குப்பியையே பார்த்தான்.
"ஊபிரி லேது" என்றான்,
என்னிடம் இல்லை, வீட்டுத் தெலுங்கில்,
தண்ணீரிடம்.
அவனுக்கு நான் சொல்லவேண்டியது எதுவும் இல்லை.
விடியலுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது;
தெரிந்துதான் மொண்டான்.
நாளைக்குப் புரண்டு மிதந்தால் கிலோ எவ்வளவு?
குழி தோண்டுகிற கூலி யார் தலையில்?

கரையில் குத்தகைக்காரர் போனில் கத்துகிறார்,
இன்னொரு வண்டி ஐஸ் வேண்டுமாம்.
நேற்று நூற்று நாற்பது,
இப்போது எழுபது,
பத்து மணிக்குள் நாற்பது ஆகும்.
தராசுக்குப் பக்கத்தில் கெம்பம்மா
மீன் குவியலைப் பார்க்காமல்
வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்:
கொஞ்சம் காற்றடித்தால் போதும்,
ஏரி ஒருமுறை புரண்டு படுத்தால் போதும்.
இலை அசையவில்லை.

படிவத்தை வண்டி சீட்டில் வைத்து எழுதினேன்.
நிறம், வாடை, வெப்பநிலை.
கரைந்த ஆக்சிஜன்: ஆய்வகத்தில்.
கடைசிக் கட்டம், மீன் வரத்து.
நன்று, சுமார், மோசம்,
மூன்றில் ஒன்றை வட்டமிட வேண்டும்.
நாலாவது கிடையாது.
'நன்று' மேல் வட்டம் போட்டேன்.
பொய் இல்லை.
இதுவரை இந்தப் படிவத்தில் நான் எழுதியதிலேயே
பெரிய உண்மை அது.

கிளம்பும்போது திம்மராயன்
ஒரு விராலைப் பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டினான்.
காசு வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.
சுங்கச்சாவடி தாண்டியும் பை அடித்துக்கொண்டே வந்தது.

இப்போது கிருஷ்ணகிரியில், ஆய்வக வாளியில்,
குழாய்த் தண்ணீரில் கிடக்கிறது.
தண்ணீரை மட்டும் நம்பாத சாதி.
நான் எண்ணைத் தட்டச்சு செய்யும்போது
சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து
ஒரு வாய் வாங்கிக்கொண்டு
உள்ளே போகிறது.