நாற்பத்தோராவது படம்

தாழங்குடாவில், பெண்ணையாறு கடலுக்குள் போகிற வாய்க்குத்
தெற்கே ஒரு மணல்மேடு.
ஊர் விளக்கு ஏதும் எட்டாது. மணி நாலு பத்து.
இருதயராஜ் சிப்காட்டில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தான்,
சட்டையில் அந்த வாசத்தோடு.
நஸ்ரின் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் பார்ப்பவள்.
நான் செல்போன் பழுது பார்ப்பவன்.
லென்சின் கழுத்தில் ரெசிஸ்டர் மாலை கட்டி
என் பைக் பேட்டரியில் சூடேற்றியிருந்தேன்,
கடல் பனி படியாதிருக்க.

கிழக்கே, நீருக்கு மேல் நாலு விரல் உயரத்தில்
வால்மீன்,
உள்ளங்கைத் திருநீற்றை யாரோ ஊதிவிட்டதுபோல.

முதல் படத்தில் அதன் தலை நீண்டிருந்தது.
இருதயராஜ் என் காலைப் பார்த்தான்.
நான் இடிக்கவில்லை என்றேன்.
போகஸ் போயிருக்கும் என்றாள் நஸ்ரின்.
திருகினோம். முப்பது விநாடி மூச்சடக்கினோம்.
அதே நீளம்.
காற்றைத் திட்டினோம். சீன மோட்டாரைத் திட்டினோம்.
முக்காலியை வாங்கித் தந்த மச்சானையும்.

பிறகுதான் அவள் திரையைப் பெரிதாக்கி
சுற்றியிருந்த நட்சத்திரங்களைக் காட்டினாள்.
ஒவ்வொன்றும் ஊசி குத்திய புள்ளி.

ஆடியது நாங்கள் இல்லை.

இருபது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது
ஒன்று இரண்டானது.
நடுவே ஒரு மயிரிழை இருட்டு.
சத்தம் வரும் என்பதுபோல மூவரும் காது கொடுத்திருந்தோம்.
அலை மட்டும்தான்.
நஸ்ரின் நேரத்தை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு,
கொஞ்சம் பொறுத்து அதை அடித்தாள்.

பைபர் படகு தள்ள வந்த தனவேல்
குனிந்து திரையைப் பார்த்தார்.
'இது என்னா, கல்லா?'
ஐஸ், பெரும்பாலும் ஐஸ், என்றேன்.
'ஐஸ்னா வெய்யில் பக்கம் போனா வெடிக்கத்தான செய்யும்,'
என்று சொல்லிவிட்டுப்
பெட்டி ஐசோடு கடலில் இறங்கினார்.
அவர் டார்ச் நாற்பத்தோராவது படத்தை
குறுக்கே கிழித்துப் போனது.
அழித்துவிடு என்றான் இருதயராஜ்.
அழிக்கவில்லை.

வெளுத்தது. முதலில் வால் போயிற்று,
அப்புறம் சின்னத் துண்டு.
பெரியது இருக்கிறதா இல்லையா என்று
சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே
அதுவும்.

பேட்டரி செத்திருந்தது. செல்ப் எடுக்கவில்லை.
கிக்கர் போன வருஷமே உடைந்தாயிற்று.
தேவனாம்பட்டினம் ரோடு வரை
வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.
முதுகில் வெயில்,
தான் ஒன்றும் செய்யாததுபோல.