ஆனா

டிசம்பர் மழைக்குப் போறணை வாசலில்
சாக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
உள்ளே வெக்கை. இருபத்திமூன்று தட்டுகள்.
இருபத்திநாலாந் தேதி பின்னேரம்
பனிச்சையடியில் பாதிப்பேரின் நத்தார்
அந்த ஒற்றை வாய்க்குள்தான் வேகும்.
என் தட்டில் சோக்கால் எல்ரோய் என்று எழுதினேன்,
நனைந்த கையால்.

வத்தாளங்கிழங்கு மூன்று கிலோ, சிவத்தத் தோல்.
அவித்து, நார் எடுத்து, மசித்து,
முதற்பால், முட்டை ஒன்பது, கறுவா,
மேலே கஜுவைக் குத்தி நிறுத்துவது.
இவ்வளவும் எனக்குத் தெரியும்.
இதற்குமேல் ஏதோ ஒன்று,
அது ஓட்ரிக்குத் தெரியும்.
ஓட்ரி என் புருஷனின் அக்கா.
டச்பாரில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே,
அவளுடைய குசினி இருந்தது.
கொப்பியில் எழுதிவைக்கிற ஆளில்லையாம்.
எழுதியிருந்தாலும்தான் என்ன,
அந்த வீட்டில் கதவுநிலைகூட மிஞ்சவில்லை.

நான் தாண்டவன்வெளிப் பிள்ளை.
எங்கள் வீட்டில் கிழங்கென்றால் அவித்து,
தேங்காய்ப்பூவோடு, காலைச் சாப்பாடு.
கட்டிவந்த முதல் வருஷமே கரண்டியை என்னிடம் தந்தார்கள்.
பதினாறு நத்தார்.
பதினாறு தரமும் டெஸ்மண்ட் மாமா ஒரு வாய் வைத்து,
கண்ணை முகட்டுக்குக் கொண்டுபோய்,
"நல்லா இருக்கு பிள்ளை, ஆனா…" என்பார்.
மற்றவர்கள் தங்கள் கோப்பையைப் பார்ப்பார்கள்.
அந்த ஆனாவுக்குள் சீனியைக் கூட்டிப் பார்த்தேன்.
சாதிக்காய் உரசினேன். ஒருமுறை ஒரு மூடி சாராயம்.
அசையவில்லை.

இந்த முறை மகன் ஷெவோன்தான் சைக்கிளில் போய்
மழைக்கோட்டுக்குள் சுற்றி எடுத்துவந்தான்.

டெஸ்மண்ட் மாமா ஒரு வாய் வைத்தார்.
கண் மேலே போகவில்லை.
ரெண்டாம் வாய்.
மறுகா, ஒன்றும் பேசாமல், தட்டையே
தன் பக்கம் இழுத்தார்.
எல்ரோய் எழும்பிப் போய்க் கை கழுவினான்,
பாதிச் சாப்பாட்டில்.
தண்ணீர் கனநேரம் ஓடியது.
ஒருவரும் பெயர் சொல்லவில்லை.
"இந்த முறை பிடிச்சிட்டாய் பிள்ளை."

என் தட்டின் வலது மூலை நெளிந்தது,
காஸ் சிலிண்டர் விழுந்து.
இந்தத் தட்டுக்கு நாலு மூலையும் நேர்.
கஜு நிற்கவில்லை, படுத்திருந்தது.
வெட்டும்போதே எனக்குத் தெரியும்.
சிரித்தேன்.
இன்னும் ஒரு துண்டு வைக்கவா என்றும் கேட்டேன்.

இருபத்தாறு போறணை பூட்டு.
கடற்கரையில் மெழுகுதிரி.
காற்று விடவில்லை, எல்ரோய்
ஒரே திரியைப் பன்னிரண்டு தரம் கொளுத்தினான்.
சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இருபத்தேழு காலை நிஹ்மத் மா பிசைந்துகொண்டிருந்தான்.
"ஒரு பொம்புள ரெண்டு தரம் வந்திட்டுப் போறா.
உங்கட தட்டக் காட்டினன், வேணாமாம்.
வெறுந்தட்டெண்டாலும் தன்ர தட்டுத்தான் வேணுமாம்."
பேர்?
"கேக்கல்ல."
என்ன வயதிருக்கும்?
"குடை பிடிச்சிருந்தா."
என் தட்டு மா மூட்டைக்குமேல் கிடந்தது, காலியாக.
"நாங்க திண்டிட்டம் மிஸ். நல்லா இருந்திச்சி, ஆ…"
கையைக் காட்டி நிறுத்தினேன்.

வெறுந்தட்டைத் திருப்பிக் குடுக்கக் கூடாது.
கழுவித் துடைத்த அந்த நேர்மூலைத் தட்டில்
ஆறு கிழங்கு வைத்திருந்தேன், மண்ணோடு.
பில் துண்டின் பின்பக்கத்தில்
மன்னிப்புக் கேட்டு ஒரு வரி.
வந்து ஒருநாள் காட்டித்தாங்க என்று ஒரு வரி,
அதை வெட்டிவிட்டு,
என்ன போடுறீங்க என்று மட்டும் சொல்லுங்க.
கீழே போன் நம்பர்.
ஏழா ஒன்றா என்று பிரிக்க முடியாத கை எனக்கு.
நிஹ்மத்திடம் பேனையைத் திரும்ப வாங்கி
இன்னொருமுறை எழுதினேன்,
பெரிதாக.