தலைகீழாய் ஒரு பருவம்

ஃபுட்பால் என்று பெயர்.
ஆனால் பந்தைக் காலால் உதைப்பவர்கள்
எங்கள் அணியில் இரண்டே பேர்.
அந்த இருவருக்கும் பந்தை அனுப்புகிறவன் நான்:
குனிந்து, கால்களின் நடுவே, பின்பக்கமாய்.
வானம் கீழே. புல் மேலே.
பதினைந்து கஜம் தள்ளி,
கைகளை நீட்டியபடி லெயாட்டோ,
உத்தரத்தில் தொங்கும் வௌவால் மாதிரி.

நெப்ராஸ்காவில் சின்னக் கல்லூரி.
மைதானத்தின் மூன்று பக்கம் பெஞ்சு,
நான்காம் பக்கம் சோளம்.
ஆகஸ்டில் அது எங்களைவிட உயரம்.
காலையில் ஒரு பயிற்சி, சாயங்காலம் ஒன்று,
நடுவில் ஐஸ் தொட்டியில் உட்கார்ந்து
பல் கிட்டிக்க,
இந்த வருஷம் எட்டாவது ஜெயிப்போம் என்று
பேசிக்கொண்டோம்.

முதல் ஆட்டம் 41–6.
இரண்டாவதை எழுத வேண்டாம்.
மூன்றாவதில் ஜெயித்தோம்;
எதிரணியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்பதைப்
பஸ்ஸில் யாரும் பேசவில்லை.
நான்காவதில் குவார்ட்டர்பேக்கின் முழங்கால் போயிற்று.
கோச் ஹ்ரூஸ்கா பலகையில் அவன் பெயரை
உள்ளங்கையாலேயே அழித்தார்.
சாயந்தரம்வரை அந்தக் கையைக் கழுவவில்லை.

அக்டோபரில் அறுவடை இயந்திரம் வந்து
நான்காம் பக்கத்தைத் திறந்துவிட்டது.
அதுவரை சோளம் பிடித்து வைத்திருந்த காற்று
டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்தது.
அன்றைக்கு மழையும்.
17–17. இன்னும் ஐந்து நிமிஷம்.
எங்கள் எல்லைக்கோட்டை ஒட்டிக் குனிந்தேன்.
பந்து, ஈரச் சோப்பு.
விரலை விட்டுப் போகும்போதே தெரிந்துவிட்டது.
லெயாட்டோ எம்பினான்.
அவனுக்கு மேலே, எனக்குக் கீழே,
பந்து போய்க்கொண்டே இருந்தது.
துரத்திப் போய் எல்லைக்குள் அதன்மேல் விழுந்தான்.
எதிரணிக்கு இரண்டு புள்ளி.
19–17.

மூன்று வருஷத்தில் முதல்முறையாக
ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது.
"ஐம்பத்தெட்டு, காஸ்பர் ஸ்டெக்மன்."
அறிவிப்பாளர் வாவ்ரா
தப்பில்லாமல்தான் உச்சரித்தார்.
எப்போதோ பழகி வைத்திருக்கிறார், பாவம்.

லெயாட்டோ ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் விடியுமுன் என் கதவைத் தட்டினான்.
கையில் ஒரு வாளித் தண்ணீர், ஆறு பந்து.
நனைத்து நனைத்து நூறு.
அடுத்த நாளும் நூறு.
அவன் விரல் வீங்கியது,
என் இடுப்பு திரும்ப மறுத்தது,
அதற்குள் அணி இன்னும் நான்கு தோற்றிருந்தது.

நவம்பர். கடைசி ஆட்டம். பனி.
கோடு எங்கே என்று
துடைப்பத்தால் பெருக்கிக் கண்டுபிடித்தார்கள்.
பார்க்க நானூறு பேர் இருப்பார்கள்,
பாதி பெற்றோர்.
14–16. மூன்று வினாடி.
ப்ரோக்கோப் உதைக்க வேண்டும், முப்பத்தெட்டு கஜம்.
பந்தைப் பிடித்து நிறுத்த, மண்டியிட்டு, லெயாட்டோ.
குனிந்தேன்.
பனி கீழிருந்து மேலே விழுந்துகொண்டிருந்தது.
அதற்குள் ஒரு கை, விரித்த ஐந்து விரல்,
ஒன்று மட்டும் வீங்கி.
அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை.
எதிரணியின் தொண்ணூற்று நான்கு,
நூற்றைம்பது கிலோ இருப்பான்,
என்மேல் கிடந்தான்.
இரண்டு முகமும் பனிக்குள்.
"உள்ளே போச்சா?" என்றான்.
"தெரியலை. நீ பாக்கலையா?"
"எங்கே பாக்க."
காது கொடுத்தோம்.
கையுறை போட்டுக் கைதட்டினால் சத்தம் வராது.
வேலிக்கு வெளியே ஒரு பிக்கப் ஹார்ன் அடித்தது.
அது ஹோலுபுடைய வண்டி;
தோற்றாலும் அடிப்பார்.
வாவ்ராவின் மைக் உறைந்துபோய்க்
கரகரத்து நின்றுவிட்டது.

அப்படியே கிடந்தோம்,
எனக்கும் அவனுக்கும் நடுவே
ஒரே ஆவி எழுந்து கலைய.
பிறகு அவன் எழுந்தான்.
திரும்பி, கம்பங்களின் பக்கம்
கொஞ்ச நேரம் பார்த்தான்.
என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டியபோது
அவன் முகத்தில்தான் தெரிந்துகொண்டேன்,
நேராக நின்று.